மேட்டுத் தெருவில் குழிக்குழாய் இல்லை

1

"குடிநீர்க் குழாயின் வாய் தரைமட்டத்திலிருந்து இரண்டடிக்குக் குறையாத உயரத்தில் இருத்தல் வேண்டும். பாத்திரத்திலோ தொட்டியிலோ பள்ளத்திலோ தேங்கியுள்ள நீரில் அது அமிழுமாறு அமைத்தல் கூடாது. இதற்கு மாறாக அமைக்கப்பட்ட இணைப்பு முன்னறிவிப்பின்றித் துண்டிக்கப்படும்."

இந்த விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் இதைத் தமிழில் எழுதியவன் நான். அலுவலகக் காரியங்கள் இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மாறத் தொடங்கிய நாட்களில், தென்காசிப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தின் குடிநீர்ப் பிரிவில் மேற்பார்வையாளனாக இருந்தேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. என்னோடு அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள் இருக்கிறார்கள், மீதிப் பேர் பென்ஷனில் இருக்கிறார்கள். இரண்டு தரப்பாரையும் தொந்தரவு செய்வது முறையல்ல.

'மூழ்கும்படி' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அதில் கம்பீரம் போதவில்லை என்று மேலதிகாரிக்குத் தோன்றியது. ஒரு காலைப்பொழுது முழுக்க யோசித்து 'அமிழுமாறு' என்று மாற்றினேன். பாராட்டினார். அந்தச் சொல்லுக்குச் செலவான நேரத்தில் பாதியைக்கூட அந்த விதிக்காக யாரும் செலவிட்டதில்லை. நானும்தான்.

அறுபத்தொன்றாம் வருஷம் ஓய்வு பெற்று, மறு வருஷம் கப்பலேறி, இப்போது சிங்கப்பூரில் மகன் ஜமால் வீட்டில் இருக்கிறேன். அடுக்குமாடிக் கட்டடம், ஏழாவது மாடி. இவ்வளவு உயரத்துக்கும் தண்ணீர் தானாக ஏறி வருகிறது. வந்த புதிதில் சமையலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டு நிற்பேன். கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மருமகள் நினைத்திருக்க வேண்டும்.

2

போன வருஷம் இங்கே மழை பொய்த்தது. இப்போது முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை இல்லை என்று அறிவித்துவிட்டு, சொன்ன நிமிஷத்தில் நிறுத்துகிறார்கள், சொன்ன நிமிஷத்தில் விடுகிறார்கள். இதைப் பஞ்சம் என்று இங்குள்ளவர்கள் சொல்லும்போது, நான் பேப்பரை விரித்துக்கொள்வேன்.

மருமகள் ஒரு பெரிய தகர டிரம் வாங்கி, குழாயில் ரப்பர் டியூபை மாட்டி, மறு முனையை டிரம்மின் அடிவரை இறக்கி வைத்திருந்தாள். தினமும் நான் எழுந்ததும் டியூபை வெளியே எடுத்துப் போடுவேன். அவள் திரும்ப உள்ளே விடுவாள். போதாததற்கு எனக்கு இன்னொரு வழக்கம் உண்டு. தண்ணீர் நின்று திரும்பி வரும்போது, முதல் வாளியைக் குடிக்கவோ சமைக்கவோ விடமாட்டேன், கக்கூஸில் கொட்டிவிடுவேன்.

"மாமா, ஊரே தண்ணிக்குத் தவிக்குது. நீங்க வாளி வாளியாக் கொட்டுறீங்களே."

"முதல் வாளி ஆகாதும்மா."

"ஏன் ஆகாது?"

வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவேன். தென்காசியில் எங்கள் மேட்டுத் தெருவின் பெண்கள் எல்லோரும் முதல் குடத்தைக் கழுவவும் துடைக்கவும்தான் வைத்துக்கொள்வார்கள். அதன் காரணத்தை ஏழாவது மாடியில் நின்று விளக்குவதென்றால் நிறைய விளக்க வேண்டியிருக்கும்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு காலையில் தண்ணீர் இலாகா ஆள் ஒருவர் வந்தார். நடுவயதுச் சீனர், கையில் ஒரு டார்ச்சும் சிறு கத்தியும். வீடு வீடாகக் குழாய் பார்த்துக்கொண்டு போகிறார். எங்கள் டிரம்மைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த மலாயில் பேசினோம். டியூப் தண்ணீருக்குள் கிடந்தால், மேலே அடைக்கும்போது டிரம்மின் தண்ணீர் பின்னோக்கிக் குழாய்க்குள் ஏறும் என்று அவர் விளக்கத் தொடங்கினார். எனக்குத் தெரியும் என்று காட்ட வேண்டுமென்ற சபலம். "ஆயர் பூலாங்" என்றேன். தண்ணீர் திரும்பும் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் பூலாங் என்பது மனிதர் வீடு திரும்புவதற்குச் சொல்வதாம். அவர் சிரித்துவிட்டு, தண்ணீருக்கு ஊர் ஏது, உங்களுக்குத்தான் ஊருக்குப் போக ஆசை போலிருக்கிறது என்றார்.

பிறகு டியூபை வெளியே இழுத்து, டிரம் விளிம்புக்கு நாலு விரல் மேலே நிற்கும்படி அளந்து, மீதியைக் கத்தியால் நறுக்கினார். நறுக்கிய துண்டை மருமகள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மனு இல்லை, குறிப்பு இல்லை, மேலிடத்து உத்தரவு இல்லை. இதற்கு எவ்வளவு நேரம் ஆனதென்றால், அடுப்பில் பால் பொங்குவதற்குள் முடிந்துவிட்டது.

அவர் போன பிறகு நானும் விரலை வைத்து அளந்து பார்த்தேன். நாலு விரல்தான்.

3

குழிக்குழாய் என்றால் என்னவென்று தென்காசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறு ஊர்க்காரர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் தெரு மேட்டில் இருந்தது. மூன்று மைல் தள்ளிக் குற்றாலத்தில் அருவி மனிதர் தலையில் அடித்துக் கழுத்தைச் சுளுக்க வைக்கும். எங்கள் குழாயில் சொட்டு விழாது. பள்ளத்துத் தெருக்கள் குடித்த பிறகு மிச்சம் இருந்தால் மேட்டுக்கு. சீசன் நாட்களில் குற்றாலம் சாலையில் விடுதிகள் நிரம்பும். எண்ணெய்க் குளியலுக்கு வந்தவர்கள் அருவி போதாமல் குழாயிலும் குளிப்பார்கள். அப்போது அந்த மிச்சமும் இல்லை.

ஐம்பத்தொன்றில் ஒரு நாள் ஃபிட்டர் சுடலைமுத்து என் வீட்டுக் குழாயைத் தட்டிப் பார்த்தான். பிறகு மண்ணைத் தோண்டித் தரைக்குக் கீழே ஓடும் குழாயைத் தொட்டுப் பார்த்தான். "ஐயா, தண்ணி இல்லாம இல்ல. மேல ஏற மாட்டேங்கு. நாமதான் கீழ எறங்கணும்."

"விதி என்ன சொல்லுது தெரியுமா?"

"விதி மேல நிக்குது ஐயா. தண்ணி கீழல்லா நிக்குது."

என் மனைவி மைமூன் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இஞ்சேருங்க, ஊருக்கெல்லாம் தண்ணி விடுத ஆளு வீட்டுல, நான் இடுப்புல கொடத்த வச்சிக்கிட்டு ஆத்துக்குப் போவுதேன். பாக்கவன் என்ன சொல்லுதான் தெரியுமா? பாய்க்கு வீட்டுலயே மதிப்பில்ல போலங்கான்."

அன்று மாலை ஜமாலும் சுடலைமுத்துவும் சேர்ந்து வெட்டினார்கள். ஜமாலுக்கு அப்போது பத்தொன்பது வயது, மண்வெட்டி பிடிக்க ஆசை. இடுப்பளவு பள்ளம், உள்ளே செங்கல் கட்டி மூன்று படி, அடியில் குழாயை அறுத்து வாயைக் கீழே பார்க்கத் திருப்பினார்கள். மறுநாள் தண்ணீர் விட்டதும் குடம் ஒரு நொடியில் நிரம்பியது. மைமூன் படியில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது. அந்த மாதிரி அவள் சிரிக்கும்படி நான் வேறு காரியம் எதையும் செய்ததாக நினைவில்லை.

ஆனால் நாங்கள் கீழே இறங்கியதும் எதிர்வீட்டில் தண்ணீர் நின்றது. அங்கே இருந்தவர் வெற்றிலைக் கடை அண்ணாச்சி. அவர் எங்களைவிட ஒரு சாண் ஆழமாக வெட்டினார். அவருக்கு அடுத்த வீடு அவரைவிட ஆழம். ஒரே வருஷத்தில் தெரு முழுக்க எல்லோரும் தண்ணீரைத் துரத்திக்கொண்டு மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தோம். நாங்களும் இன்னொரு படி வெட்டினோம்.

"என்ன பாய், ஒம்ம வீட்டுல நாலு படியாமே? எனக்கு மூணுதான்." அண்ணாச்சி ஒரு நாள் தெருவில் வைத்து எல்லோர் காதும் கேட்கச் சொன்னார். "பரவால்ல, ஆபீசரு இல்லியா? எங்களவிட ஒரு படி கூடுதலா எறங்கத்தான செய்யணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாரல் விழும் மாதங்களில் இந்தக் குழிகள் நிரம்பும். தெருச் சாக்கடை பொங்கினால் அதுவும் உள்ளே வரும். தண்ணீர் விடுவதற்குமுன் பெண்கள் சிரட்டையாலும் சட்டியாலும் குழியை இறைத்து வெளியே ஊற்றுவார்கள். தண்ணீர் நின்ற பிறகு குழி மறுபடி நிரம்பும், குழாய் வாய் அழுக்குத் தண்ணீரில் கிடக்கும். ஊருக்குத் தண்ணீர் விடும் பெரிய தொட்டியில் அடைத்ததும் குழாயில் மிஞ்சியிருக்கும் தண்ணீர் பள்ளத்துத் தெருக்களுக்கு இறங்கிப் போகும். மேட்டில் குழாய் வெறுமையாகி, திறந்திருக்கும் ஒவ்வொரு வாயிலும் உறிஞ்சும். குழியில் கிடப்பதெல்லாம் உள்ளே போகும். மறுநாள் தண்ணீர் விட்டால் யார் குழியில் கிடந்தது யார் குடத்தில் விழும் என்று சொல்ல முடியாது. முதல் குடம் ஆகாது என்பது அதனால்தான்.

என் மகள் ஷரீபாவுக்கு அப்போது பத்து வயது. தண்ணீர் நிற்கும் நேரம் பார்த்துக் குழிக்குள் இறங்கி, குழாய் வாயில் விரலை வைத்துக்கொள்வாள்.

"வாப்பா, இங்கன வாங்களேன். குழாய் வெரல சப்புது."

நானும் இறங்கி விரலை வைத்துப் பார்த்தேன். நல்ல இழுப்பு. கைக்குழந்தை மாதிரி. எனக்கு அப்போதே எல்லாம் தெரியும். படிகளில் ஏறி வந்து காலைக் கழுவிவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

4

ஒவ்வொரு வருஷமும் கோடைக்கு முன்னால் மேற்பார்வையாளன் தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சான்று எழுத வேண்டும். "மேற்படி தெருவில் விதிக்கு மாறான குழாய் ஏதும் இல்லை எனச் சான்றளிக்கிறேன்." கீழே கையெழுத்து, தேதி, முத்திரை.

மற்றத் தெருக்களைப் பற்றி நான் கடுமையாக இருந்தேன். ஆறு வீட்டுக் குழியை நின்று மூட வைத்திருக்கிறேன். ஒரு வீட்டில் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள், அதையும் வாங்கிக்கொண்டேன். மேட்டுத் தெருவுக்கு வரும்போது என் வீட்டு வாசலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே தொடங்கவில்லை.

சொல்வதற்குக் காரணம் இருந்தது. குழி இருப்பதாக எழுதினால் தெரு முழுக்க இணைப்பு போகும், கோடையில் இத்தனை குடும்பமும் ஆற்றுக்கு நடக்க வேண்டும், பெரிய குழாய் போடுவதற்கு எழுதிய குறிப்பு மேலிடத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் உண்மை. அந்த உண்மைகளையெல்லாம் ஒன்றாகக் கட்டி அதன் மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டேன். பத்து வருஷம், பத்துக் கையெழுத்து. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுலபமாக வந்தது.

ஐம்பத்தெட்டு ஜூலையில், நல்ல சாரல் நேரத்தில், தண்ணீர் மூன்று நாட்கள் வரவில்லை. நாலாம் நாள் வந்தது, இரண்டே குடம். ஷரீபா சொல்லித்தான் பிற்பாடு தெரிந்தது: வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லாததால் மைமூன் அன்றைக்கு முதல் குடத்தையும் குடிக்க வைத்துக்கொண்டாள். துணியை இரண்டு மடிப்பாக மடித்து வடிகட்டினாளாம். மகளுக்கு இரண்டாம் குடத்திலிருந்து கொடுத்துவிட்டுத் தான் முதல் குடத்தில் குடித்தாளாம்.

தெருவில் நாலைந்து வீடுகளில் காய்ச்சல் வந்தது. மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். இவள் மூன்றாம் வாரம் போய்விட்டாள். டைபாய்டு என்றார் டாக்டர். "எந்தத் தண்ணி குடிச்சாங்க?" என்று கேட்டார். "குழாய்த் தண்ணிதான்" என்றேன். "அப்ப பயமில்லையே. நீங்க விடுத தண்ணிதானே" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜமால் அதற்குள் சிங்கப்பூருக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. தந்தி கொடுத்தேன். அடக்கத்துக்கு அவன் வர முடியவில்லை. 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதினேன்.

5

இங்கே எனக்கு உத்தியோகம், பேத்தி யாஸ்மினைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய்க் கூட்டி வருவது. அதற்குமுன், நான் யார் என்று நிரூபிக்க எட்டு மாதங்கள் ஆயிற்று. அடையாள அட்டை ஆபீசில் என் பெயரை இரண்டாக வெட்டி, பின்பாதியை முன்னால் போட்டு, என் வாப்பாவின் பெயரால் என்னைக் கூப்பிட்டார்கள். திருத்துவதற்கு ஒரு மனு, மனுவில் இணைப்பு இல்லை என்று ஒரு கடிதம், இணைப்பில் முத்திரை தெளிவில்லை என்று இன்னொரு கடிதம். எனக்குக் கோபமே வரவில்லை. வெகுநாள் கழித்து உறவுக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

யாஸ்மினுக்குத் தமிழ் புரியும், பேச வராது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் குழாயில் வாயை வைத்து அப்படியே குடிப்பாள். "குடிக்காதே" என்று ஒரு முறை அதட்டிவிட்டேன். அவள் தன் அம்மாவிடம் போய், தாத்தாவுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்று இங்கிலீஷில் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

தென்காசி வீட்டில் இப்போது ஷரீபா இருக்கிறாள். மாப்பிள்ளை கடையநல்லூர்க்காரர், கைத்தறி வியாபாரம். அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண். வீடும் அதே வீடு, குழியும் அதே குழி. நான் கப்பலேறும்போது அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை, இப்போதைய முகத்தைப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். சாயலில் மைமூன்.

மைமூன் போன அடுத்த மாதமே மேலிடத்துக்கு ஒரு மனு எழுதினேன். ஒவ்வொரு வீட்டு இணைப்பிலும் ஒருவழி வால்வு பொருத்த வேண்டும் என்று கேட்டேன். சின்னப் பொருள்தான். உள்ளே ஒரு நாக்கு இருக்கும், தண்ணீர் முன்னால் போனால் திறக்கும், பின்னால் வந்தால் மூடிக்கொள்ளும். பெரிய குழாய் வரும்வரை அதுவாவது இருக்கட்டும். அருமையான மனு. படம் வரைந்து இணைத்திருந்தேன்.

ஆனால் அந்த மனுவுக்கு நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. எதற்காக வால்வு என்று எழுத வேண்டுமே? தெருவில் குழி இருக்கிறது என்று எழுதினால் என் கையெழுத்து என்னைப் பார்த்துச் சிரிக்கும். "எதிர்காலத்தில் எவரேனும் குழி அமைக்க நேரிடின்" என்று எழுதினேன். குழி இல்லாத தெருவுக்கு வால்வு கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பதில் வரவில்லை. ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். இங்கே வந்த பிறகும் விடவில்லை. கோப்பு எப்படித் தூங்கும் என்பது எனக்குத் தெரியும். அது எழுந்துவிடாத விதத்தில் தட்டிக்கொண்டே இருந்தேன்.

6

டியூபை நறுக்கிய அன்று மாலை சாப்பிடும்போது மருமகள் இலாகாக்காரர் வந்த கதையைச் சொன்னாள். நறுக்கிய துண்டையும் காட்டினாள். ஜமால் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏன் வாப்பா நறுக்கினான்?"

"தண்ணிக்குள்ள கெடந்தா, அடைக்கும்போது டிரம்முல உள்ளது குழாய்க்குள்ள போயிரும். அந்தத் தண்ணிதான் நாளைக்கு எல்லாரு வீட்டுக்கும் வரும்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். துறைமுக ஆபீசில் எழுத்தர் வேலை, பத்து வருஷமாக இங்கே இருக்கிறான். பேச்சில் பாதிக்கு மேல் இந்த ஊர் வந்துவிட்டது. ஆனால் அப்போது அவன் வாயில் வந்தது தென்காசிதான்.

"நம்ம வீட்டுல குழி கெடந்துச்சே வாப்பா."

நான் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டேன்.

"நானும் சுடலைமுத்து அண்ணனுந்தானே வெட்டினோம். மழ பெஞ்சா தவள கெடக்கும் அதுல."

"ஆமா."

"உம்மாவுக்கு வந்தது காச்சல்னு எழுதினீங்க."

"டைபாய்டு."

மருமகள் யாஸ்மினை அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜமால் அந்த ரப்பர் துண்டைத் தட்டின் பக்கத்தில் வைத்தான்.

"நீங்க சொல்லியிருந்தா நான் வெட்டியிருக்க மாட்டேனே. ஒங்களுக்குத் தெரியும்லா? ஊரு குழியெல்லாம் மூடுத ஆளுல்லா நீங்க?"

"தெரியும்."

"தெரிஞ்சா பின்ன வருஷா வருஷம் என்னத்த எழுதிக் குடுத்தீங்க?"

"குழி இல்லன்னு எழுதிக் குடுத்தேன்."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டினால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தட்டை எடுத்துப் போய்க் கழுவினான். குழாயை மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டான்: "இப்ப ஷரீபா மக எந்தத் தண்ணியக் குடிக்கா?"

அதற்கும் பதில் எனக்குத் தெரியும்.

7

மறுநாள் ஆறாவது கடிதத்தை எழுதினேன். முந்தைய ஐந்து கடிதங்களுக்கு ஆன நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. "மேட்டுத் தெருவில் என் வீடு உட்பட எல்லா வீடுகளிலும் குழிக்குழாய் உண்டு. நான் பத்தாண்டுகள் அளித்த சான்றுகள் பொய். அந்தத் தண்ணீரால் என் மனைவி இறந்தாள். இப்போது அங்கே என் பேத்தி இருக்கிறாள். என் மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம். வால்வு போடுங்கள்." கம்பீரமான சொல் ஒன்றும் இல்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் நான் எழுதிய ஒரே ஆபீஸ் கடிதம் அதுதான்.

ஷரீபாவுக்கும் எழுதினேன். குழியை மண் போட்டு மூடு, உன் உம்மாவைக் கொன்றது அதுதான் என்று எழுதினேன். ஜமாலும் தனியாக ஒரு கடிதம் போட்டான். அதில் என்ன எழுதினான் என்று காட்டவில்லை. அன்று முதல் என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறான். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. தண்ணீர் வந்ததும் முதல் வாளியை அவனே எடுத்துக் கொட்டிவிடுகிறான்.

ஷரீபாவின் பதில் மூன்று வாரத்தில் வந்தது. எழுத்தில் கோபம் இல்லை, அதுதான் சங்கடமாக இருந்தது.

"வாப்பா, நீங்கள் எழுதியதைப் படித்து ரெண்டு நாள் சாப்பிடவில்லை. குழியை மூடச் சொல்கிறீர்கள். மூடினால் தண்ணீருக்கு எங்கே போக? தெருவில் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. நான் ஒருத்தி மூடினால் என் வீட்டில் தண்ணீர் நிற்கும், அவர்கள் குழியில் கிடப்பது பைப்புக்குள் போகத்தான் போகும். எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் சொன்னேன். உங்க வாப்பாவே ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டுப் போன தெருல்லா இது, நீ என்னத்துக்கும்மா பயப்படுதேங்கிறார். அவர் வீட்டில் இப்போது ஆறு படி. நான் காய்ச்சித்தான் கொடுக்கிறேன். ஆனால் சின்னவளை எந்நேரமும் பிடித்து வைக்க முடியவில்லை. தண்ணீர் நிற்கும் நேரம் குழிக்குள் இறங்கிவிடுகிறாள். குழாய் வெரல சப்புதும்மா என்று கூப்பிட்டுக் காட்டுகிறாள். அப்புறம் அந்த விரலை வாயில் வைத்துக்கொள்கிறாள்."

அந்தக் கடிதத்தை ஜமாலிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து, என் கையில் தராமல் மேசைமேல் வைத்தான். ஆபீசில் லீவுக்கு எழுதிப் போட்டிருக்கிறானாம், ஊருக்குப் போய்வர. இன்னும் கிடைக்கவில்லை. மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

8

ஐந்து கடிதங்களுக்கு வராத பதில் ஆறாவதற்கு வந்தது. நல்ல தாள், சுத்தமான தட்டச்சு. யாஸ்மின் உறையிலிருந்த தபால் தலையைக் கேட்டாள், கிழித்துக் கொடுத்தேன்.

"தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் பணியிலிருந்த காலத்தில் ஆண்டுதோறும் அளித்துள்ள சான்றுகளின்படியும், அவற்றைப் பின்பற்றித் தங்களுக்குப் பின் வந்த அலுவலர் அளித்துள்ள சான்றுகளின்படியும், மேற்படி தெருவில் விதிக்கு மாறான குழாய் ஏதும் இல்லை. ஓய்வு பெற்ற அலுவலர் தாம் பணியில் இருந்தபோது அளித்த சான்றைப் பின்னர் கடித மூலம் மறுப்பதைக்கொண்டு பதிவேட்டைத் திருத்த விதியில் இடமில்லை. தேங்கிய நீரில் குழாய் அமிழுமாறு அமைக்கப்பட்டதாகப் பதிவு இல்லாத நிலையில், ஒருவழி வால்வுக்கான தேவை எழவில்லை. இத்துடன் கோப்பு முடிக்கப்படுகிறது."

இரண்டு முறை படித்தேன். முறைப்படி இதில் ஒரு பிழையும் இல்லை. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். 'தேவை எழவில்லை' என்பதுகூட என் காலத்தில் பழக்கத்துக்கு வந்ததுதான். கூடவே ஒரு நகலும் இணைத்திருந்தார்கள். ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சான்று. அந்தக் கோடைக்கு முன்னால் எழுதியது, மைமூன் அப்போது உயிரோடு இருந்தாள். கையெழுத்து தெளிவாக, ஒரு நடுக்கமும் இல்லாமல் இருக்கிறது.

ஜமால் வேலையிலிருந்து திரும்பும்வரை மேசைமேல் விரித்தே வைத்திருந்தேன். அவன் நின்றபடியே படித்தான். நகலின் மேல் விரலை வைத்து, என் கையெழுத்தை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, சட்டையை மாற்ற உள்ளே போனான்.

தென்காசியில் இப்போது சாரல் பிடித்திருக்கும். குழிகள் நிரம்பத் தொடங்கியிருக்கும். சிரட்டை கையில் எடுத்துக்கொண்டு ஷரீபா படியில் இறங்கிக்கொண்டிருப்பாள்.

முப்பது வருஷப் பழக்கம், எந்தக் கடிதம் வந்தாலும் வலது மூலையில் வந்த நாளைக் குறிக்காமல் கீழே வைக்க எனக்கு வராது. பேனாவை எடுத்துக் குறித்தேன்.

வரப்பெற்றது: ஜூன் பத்தொன்பது.